தூள் சரியில்லை

மறதி நோய் கண்ட முதியவர்களைப் பார்க்க வருகிற உறவினர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நான் யாருன்னு தெரியுதா?" என்பதுதான். பாசத்தால் கேட்கிறார்கள்; ஆனால் கேட்கப்படுகிறவருக்கு அது ஒரு பரீட்சையாகிவிடுகிறது. விடை வராதபோது முகம் சுருங்கி, அதுவரை இருந்த பேச்சும் நின்றுபோகிறது. தாமிரபரணிக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாகப் பணிபுரியும் நான், புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம், கேள்வியைக் குறைத்துக்கொண்டு அவர்கள் கையில் எதையாவது கொடுத்துப் பாருங்கள், மூக்கருகே எதையாவது காட்டிப் பாருங்கள் என்று சொல்வது வழக்கம்.

வாசனையும் நினைவும் இவ்வளவு நெருங்கியிருப்பதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் தலாமஸ் என்னும் பகுதியின் வழியாகவே மூளையின் வெளியடுக்கான புறணிக்குப் போய்ச் சேருகின்றன. வாசனையோ அங்கே காத்திராமல், மூக்கிலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான நுகர்குமிழிலிருந்து உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கு நேராகவும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்கு மிகக் குறுகிய பாதையிலும் போய்விடுகிறது. வாசனை மூலக்கூறுகளைப் பிடித்து இனம்பிரிக்கும் ஏற்பிகள் என்னும் புரதங்களின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் வெளியிட்டு, 2004இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மனித மூக்கில் அத்தகைய ஏற்பிகளில் ஏறத்தாழ 400 வகைகள் இருக்கின்றன.

இந்த வேகம் எப்போதும் நல்லதையே கொண்டுவரும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, தெருவெல்லாம் ஆற்றுச் சேறு நாறிக்கொண்டிருந்த நாட்களில், காலையில் சாப்பிட்டதைக்கூட நினைவில் வைத்திராத ஒரு மூதாட்டி, இருட்டில் ஆட்டை அவிழ்த்துவிடச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டே இருந்தார். அவர் பேசியது 1992 நவம்பரில் தாமிரபரணி பெருகிய இரவைப் பற்றி என்பது எங்களுக்குப் புரியவே நேரம் பிடித்தது. சன்னல்களை அடைத்து, தரையைப் பலமுறை கழுவி, சாம்பிராணி போட்ட பிறகுதான் அவர் உறங்கினார். ஊதுபத்தியும் பூவும் வைத்து முதியவர்களின் பழைய நாட்களை மீட்டுத் தருகிறோம் என்று உற்சாகமாகக் கிளம்பி வருகிற தன்னார்வலர்களிடம் இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். எந்த வாசனை எந்த நாளைக் கிளப்பும் என்பதை வெளியாள் முன்கூட்டி அறிய வழியில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அல்சைமர் நோயில் மிகவும் தொடக்கத்திலேயே பழுதாகிற புலன்களில் நுகர்ச்சியும் ஒன்று. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வேறுபாடு தெரியாதவர்கள் எங்கள் இல்லத்தில் இருக்கிறார்கள். நினைவுக்கு மிக அருகில் திறக்கிற கதவே இந்த நோயில் முதலில் சாத்தப்படுகிறது என்பதால், எங்கள் வேலையில் மூக்கைவிடக் காதையும் கையையும்தான் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கிறது. விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், எங்கோ ஆம்புலன்ஸ் ஒலித்தாலும் ஆலைச் சங்கு ஊதிவிட்டது என்று எழுந்து, ஷிப்டுக்கு நேரமாயிற்றெனச் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கிவிடுவார்.

கையின் நினைவு எத்தகையது என்பதை முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சியிடம்தான் தெளிவாகக் கண்டேன். நெல்லைச் சீமையில் பீடி சுற்றித்தான் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது. அவரும் சிறுவயது முதல், இலையும் தூளும் வைக்கிற முறமான சுளவை மடியில் வைத்து வளர்ந்தவர். மகளின் பெயர் மறந்து, நாள் முழுவதும் சேலை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சமையல் வேலைக்கு வருகிற அக்கா அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஆச்சி பீடில்லா சுத்துது!" என்றார். மறுநாள் ஈரத்துணியில் பொதிந்த இலையும் கத்தரிக்கோலும் அளவுத் தகடும் நூலும் கொண்டுவந்தார். புகையிலை வேண்டாம் என்று நான் உறுதியாக இருந்ததால், வடிகட்டிய தேயிலைச் சக்கையை உலர்த்திச் சுளவில் வைத்தோம்.

ஆச்சி இலையை முகர்ந்து பார்க்கவில்லை; கன்னத்தில் ஒட்டிப் பார்த்தார், ஈரம் போதுமா என்று அறிவதற்காக. நரம்பு ஓரமாக விழும்படி தகட்டை வைத்து வெட்டினார். தூளைக் கிள்ளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏட்டி, தூளு சரியில்லையே! கடைக்காரன் கழிச்சிருவான்" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பிறகு சுருட்டி, முனையை நகத்தால் மடித்து, நூலைச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தபோது, பீடி அச்சில் வார்த்தது போல் இருந்தது.

இதற்கும் விளக்கம் இருக்கிறது. 1953இல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலெய்சன் அதன் பிறகு புதிய நிகழ்வு எதையும் நினைவில் நிறுத்த இயலாதவராகிவிட்டார். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. முன்தினம் வரைந்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னரின் வேலையிலிருந்துதான், நடந்ததை நினைப்பதும் செய்யப் பழகியதைச் செய்வதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது உறுதிப்பட்டது. ஆச்சியின் விரல்களுக்குப் பழகியது மிஞ்சியிருந்ததில் வியப்பில்லை. அந்த விரல்கள் வழியாகப் பேச்சும், பீடியைச் சரிபார்த்து வாங்குகிற கடைக்காரனும், கழிவு பீடிக்குக் கூலி பிடிக்கிற பயமும் சேர்ந்து திரும்பியதுதான் எனக்கு வியப்பு.

அடுத்த வாரம் வந்த மகள், சுளவைப் பார்த்ததும் கோபப்பட்டார். "இந்தக் கருமத்திலேருந்து எங்கம்மாவ மீட்டதே நாங்கதான். மறுபடியும் சுத்த வைக்கீங்களே" என்று அழுதார். பள்ளி விட்டு வந்து நள்ளிரவு வரை தாயோடு பீடி சுற்றி, பரீட்சையில் தூங்கி விழுந்த நாட்கள் அவருக்கு அந்த இலை வாசனையில் இருந்தன. தாய்க்கு அந்த இலை தன் கைக்காசு. மகளுக்கு அது பறிபோன படிப்பு. இருவரில் யாருக்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

இப்போது ஆச்சியாகக் கைநீட்டிக் கேட்டால் மட்டுமே சுளவு வரும், தள்ளிவிட்டால் எடுத்துவிடுவோம். எண்ணிக்கை கேட்பதில்லை, சுற்றியதைப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. மகள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இலைக்கட்டு சமையலறைப் பரணுக்குப் போய்விடுகிறது.