காலில் விழுந்த கிழவர்

2019 ஏப்ரல் மாதத்து வீடியோ ஒன்று இன்று மறுபடி கண்ணில் பட்டது. இடம் வாட்டிகன். 82 வயது போப் பிரான்சிஸ், உதவியாளர்கள் தாங்கிப் பிடிக்க, மெல்லக் குனிந்து தெற்கு சூடான் அதிபர் சல்வா கீரின் ஷூவை முத்தமிடுகிறார். அடுத்து, கீரின் பரம எதிரி ரியெக் மச்சாரின் ஷூவை. இருவரும் கூசிப்போய் நிற்கிறார்கள். அந்த ரெண்டு பேர் சண்டையில் செத்தவர்கள் சுமார் நாலு லட்சம் என்பது மதிப்பீடு. 2011இல் விடுதலை வாங்கிய நாடு, 2013 டிசம்பரிலேயே வெட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2023 பிப்ரவரி. போப், கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, ஸ்காட்லாந்து திருச்சபைத் தலைவர் மூவரும் தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் ஒன்றுசேர்ந்தார்கள். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் மதவிரோதி என்று பகைத்த சபைகள்! போப் சக்கர நாற்காலியில். அதிபர் மாளிகையிலேயே, ரத்தம் சிந்தியது போதும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கீர் வழக்கம்போல கறுப்பு கவ்பாய் தொப்பியில். (அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி, ஜார்ஜ் புஷ் கொடுத்த தொப்பி.)

ஊழலையும் ஆயுத வரத்தையும் பற்றிக்கூடப் பேசினார். பெரிய நாடுகளின் தூதர்கள் சுற்றி வளைத்துப் பேசுகிற விஷயம் அது.

பலன்? 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக்காவலில். அடுத்த மாதமே போப் காலமானார். செப்டம்பரில் மச்சார்மேல் தேசத்துரோக வழக்கு.

அந்த ஷூக்களை இன்னும் வைத்திருப்பார்களா?