அரண்மனை ஊழியரும் எங்கள் சாப்பாட்டு மேசையும்

புனித தேவசகாயம் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியும் குடும்பமும் உள்ளவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். வார்டில் ஷிப்ட் பார்த்துச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் நெருக்கமாவது இதனால்தான். விசுவாசத்துக்குச் சோதனை வந்தபோது அவருக்கும் இழப்பதற்கு ஒரு வேலை இருந்தது.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், வீட்டில் நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நாள்களில் டிலனாயிடம், எத்தனை துன்பம் வந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைக் கேட்டார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர் டிலனாய்; முன்பு டச்சுக் கம்பெனிப் படையில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறையுரைகளில் பெரும்பாலும் அந்தத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில்தான் நிற்கிறது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின் மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது எங்கள் பக்கத்து மரபு. அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்களாம். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் எந்த நாளிலும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு காலையிலும் மறுபடி அதே முடிவை எடுக்க வேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மதம் மாறியதோடு, எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அன்றைய மேல்தட்டினரைக் கொதிக்க வைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டின் பொறுப்புச் செவிலியர் நாகர்கோவில் கோட்டாறு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர். மதியம் செவிலியர் அறையில் எங்களுக்கு மேசை, எவர்சில்வர் டம்ளர். துப்புரவுப் பணியாளர்களுக்கு மாடிப்படியின் அடிப்பகுதி, காகிதக் கப். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவர் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் போய் உட்கார்ந்தார். மீன் குழம்பில் இருந்த துண்டைப் பிட்டு, மூத்த பணியாளர் ஒருவரின் தட்டில் வைத்தார். அந்த அம்மா வெலவெலத்துப்போய், "வேண்டாம் சிஸ்டர், யாராவது பார்த்தால் உங்களுக்குத்தான் தொல்லை" என்றார். "பார்க்கட்டும் அக்கா, சாப்பிடுங்கள்" என்றார் இவர்.

தொல்லை வரத்தான் செய்தது. ஒழுங்கு கெடுகிறது என்று நிர்வாகத்தில் விளக்கம் கேட்டார்கள். தொடர்ந்து இரவுப் பணி போட்டார்கள். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை, இடத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. இரவு உணவையும் அங்கேயே சாப்பிட்டார். மாதங்கள் போனபின், எங்களில் சிலரும் டப்பாவோடு அங்கே போனோம். கடைசியில் இடம் போதாமல் எல்லோருமாக மேசைக்கே வந்தோம். இதற்கெல்லாம் எங்கிருந்து தெம்பு வந்தது என்று கேட்டதற்கு, கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கும் தேவசகாயத்தின் கல்லறையைச் சொன்னார். "அவர் மூன்று வருடம் தாங்கினார். எனக்கு இரவுப் பணிதானே!"

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும்படி ஒரு கோயிலைக் கட்டினார்கள். நடுவில் இருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை விட்டுவிட்டுத் 'தேவசகாயம்' என்றே அறிவித்தார்கள். இந்தியாவில் இப்பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர், அவர். அந்தப் பெயரை அப்படிக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன்.

பொறுப்புச் செவிலியர் ஓய்வுபெற்றுவிட்டார். எங்கள் வார்டில் இப்போது ஒரே மேசைதான். ஆனால் மேல்மாடியில் ஒப்பந்தப் பணியாளர்கள் இன்னும் லிஃப்ட் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று என் பெயரிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு செவிலியர்கள் என்னோடு கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம்.