வேர்ட்பிரஸ் ஃபில்டர் ஹூக் படிக்கிறவங்களுக்கு, நான் இடறின இடங்கள்

நான் பி.காம். படிச்சவன், பிஎச்பி எல்லாம் சொந்தமா முட்டி மோதி கத்துக்கிட்டதுதான். தீம் மாத்துறது, பிளகின் போடுறது வரைக்கும் ஜாலியா போச்சு, ஹூக்னு (வேர்ட்பிரஸ் ஓடுறப்போ நடுவுல நம்ம ஃபங்ஷன மாட்டுற இடம்; அதுல ஃபில்டர்ங்கிறது ஒரு மதிப்ப வாங்கி மாத்தித் திருப்பித் தர்றது) வந்ததும் தலை சுத்திருச்சு. எத்தன தடவ வாசிச்சும் மண்டைல ஏறல, கைல ஒரு நிஜமான வேலை வந்தப்போதான் ஏறுச்சு, அதனால நீங்களும் முதல்ல ஒரு தேவைய பிடிச்சுக்கிட்டு படிங்க.

என்னோடது ஒரு பழமொழி சைட். ‘க’ல தொடங்குற தலைப்பு மட்டும் ஒரு பக்கத்துல வரணும், அவ்ளோதான். டேட்டாபேஸ்ல இருந்து பதிவுகள எடுக்குற டபிள்யூபி_குவெரில ‘டைட்டில்’னு ஒரு பாராமீட்டர் இருக்கு, ஆனா முழு தலைப்பும் அப்படியே பொருந்தினாதான் எடுத்துத் தரும். தேடுறதுக்கான ‘எஸ்’ போட்டா தலைப்புல, உள்ளடக்கத்துல எங்க ‘க’ இருந்தாலும் வந்து நிக்கும், ‘க’ இல்லாம தமிழ்ல எத எழுத முடியும் சொல்லுங்க. அப்போதான் போஸ்ட்ஸ்_வேர் ஃபில்டர் பக்கம் போனேன்.

வேர்ட்பிரஸ் டேட்டாபேஸ்கிட்ட கேக்கப்போற எஸ்க்யூஎல்ல இருந்து ‘வேர்’ கண்டிஷன மட்டும் ஒரு ஸ்ட்ரிங்கா நம்ம ஃபங்ஷன்கிட்ட குடுக்கும், நாம அதோட கடைசில ‘க’ல தொடங்கணும்ங்கிற கண்டிஷன ஒரு ‘ஆண்ட்’ போட்டு சேத்து திருப்பிக் குடுக்கணும் (பேருதான் வேர், நாம ஒட்டுறது வால்ல). ‘ஆண்ட்’க்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட மறக்காதீங்க.

நான் மறந்தது அத விடப் பெருசு, ரிட்டர்னே எழுதல. பக்கத்த திறந்தா பாதி எழுதின டிராஃப்ட், குப்பைல போட்டது, பழைய ரிவிஷன் எல்லாம் வரிசையா பல்ல காட்டுது! ஏன்னா ‘பப்ளிஷ் ஆனது மட்டும்’, ‘போஸ்ட் வகை மட்டும்’ங்கிற கண்டிஷனும் அதே ஸ்ட்ரிங்லதான் இருக்கு, நான் ஒண்ணும் திருப்பித் தராததால மொத்தமும் காலி, மிச்சம் எப்பவும் உண்மையா இருக்கிற ‘1=1’ங்கிற கண்டிஷன் மட்டும். ஆக்‌ஷனுக்கும் ஃபில்டருக்கும் என்ன வித்தியாசம்னு இன்டர்வியூல கேட்டா இந்தக் கதையவே சொல்லுங்க: ஃபில்டர்னா வாங்கினத திருப்பித் தந்தே ஆகணும், மத்ததுல அது தேவையில்ல.

அடுத்தது, அதே ஃபில்டர் சைட்பார்ல இருந்த ‘சமீபத்திய பதிவுகள்’லயும் பூந்து அங்கயும் ‘க’ மட்டும் காட்டுச்சு. ஃபில்டருக்கு உங்க பக்கம், அடுத்த பக்கம்னு தெரியாது, ஓடுற எல்லா குவெரிலயும் கை வைக்கும். அதனால நம்ம குவெரிக்கு மட்டும் சொந்தமா ஒரு அடையாளம், உதாரணமா ‘முதல்_எழுத்து’னு ஒரு பாராமீட்டர் குடுத்து, ஃபங்ஷனோட ரெண்டாவது ஆர்க்யூமென்டா வர்ற குவெரில அது இருந்தா மட்டும் மாத்துங்க, இல்லாட்டி வந்தத அப்படியே திருப்பிக் குடுங்க. அந்த ரெண்டாவது ஆர்க்யூமென்ட் சும்மா வராது, நம்ம ஃபங்ஷன ஹூக்ல மாட்டுற ஆட்_ஃபில்டர்ல பிரையாரிட்டி 10, அப்புறம் எத்தன ஆர்க்யூமென்ட்ங்கிறதுக்கு 2னு போடணும், போடாம ஃபங்ஷன்ல ரெண்டு எதிர்பார்த்தா ஃபேட்டல் எரர்தான்.

இதுக்கு நேர் எதிர் கூத்தும் இருக்கு. எல்லாம் சரி, ஃபில்டர் மட்டும் வேலையே செய்யலன்னா நீங்க பதிவுகள எடுக்க கெட்_போஸ்ட்ஸ் ஃபங்ஷன் யூஸ் பண்றீங்களான்னு பாருங்க, அதுல இந்த மாதிரி ஃபில்டர்கள ஓடவிடாம தடுக்குற சப்ரஸ்_ஃபில்டர்ஸ் தானாவே ட்ரூவா இருக்கும். இது தெரியாம எனக்கு ஒரு மதியம் முழுக்க போச்சு.

எழுத்து யூஆர்எல்ல இருந்து வருதுன்னா அப்படியே ஒட்டாதீங்க, ஈஎஸ்சி_லைக் (‘%’, ‘_’ மாதிரி குறிகள சாதாரண எழுத்தாக்கும்), அப்புறம் பிரிப்பேர் (எழுத்த எஸ்க்யூஎல்லுக்குள்ள பாதுகாப்பா வைக்கும்), ரெண்டும் கட்டாயம்.

ஒரு பக்கத்துக்கு எத்தன பதிவு, எந்த வரிசைங்கிற மாதிரி சின்ன மாத்தத்துக்கு எஸ்க்யூஎல்லயே கை வைக்க வேணாம், ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ் போதும். அது ஆக்‌ஷன், குவெரி ஆப்ஜெக்ட நேரடியா மாத்திடலாம், ரிட்டர்ன் வேணாம், ஆனா இஸ்_அட்மின் (அட்மின் பக்கமா?), இஸ்_மெயின்_குவெரி (பக்கத்தோட முக்கிய குவெரியா?) ரெண்டையும் செக் பண்ணாம விட்டா அட்மின் லிஸ்ட்டும் சேந்து மாறிடும்.

என்ன எஸ்க்யூஎல் ஓடுச்சுன்னு சந்தேகம் வந்தா குவெரியோட ரிக்வெஸ்ட்ட பிரின்ட் பண்ணிப் பாருங்க, இல்ல குவெரி மானிட்டர் பிளகின் போடுங்க. நான் இத ஆரம்பத்துலயே பண்ணிருந்தா அந்த ‘1=1’ அன்னைக்கே கண்ணுல பட்டுருக்கும்.