‘கிரீஸி லேக்’ சிறுகதையைக் கையால் படியெடுத்துப் படித்த அனுபவம்

ஒரு சிறுகதையை நோட்டில் முழுவதுமாகக் கையால் படியெடுத்து, பிறகு அதைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிப்பது சில காலமாக என் பொழுதுபோக்கு. இம்முறை எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் டி. சி. பாய்லின் ‘கிரீஸி லேக்’. 1985இல் இதே பெயரில் வந்த தொகுப்பில் உள்ள இக்கதை, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1973ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து தன் தலைப்பைப் பெற்றது. யாருக்கும் அடங்காதவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் 19 வயதுப் பையன் ஒருவன், ஒரே இரவில் தன் அறியாப் பருவத்தை இழந்ததைத் தானே சொல்கிறான். அந்த இழப்பு கதையின் எந்த இடத்தில் நிகழ்கிறது என்று தேடுவதுதான் நான் வகுத்துக்கொண்ட வேலை.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையின் மூன்றாம் இரவில் கதைசொல்லியும் அவன் நண்பர்கள் டிக்பியும் ஜெஃபும் ஊர் முழுவதும் சுற்றி அலுத்து, இரவு இரண்டு மணிக்கு ஊருக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் ஓர் ஏரிக்குக் காரில் போகிறார்கள். அங்கே நிற்கும் காரைத் தெரிந்தவன் ஒருவனுடையது என்று நினைத்து, விளக்கைப் போட்டும் ஹாரனை அடித்தும் சீண்டுகிறார்கள். இறங்கி வருகிறவன் முன்பின் தெரியாத முரடன். கைகலப்பில் கதைசொல்லி டயர் மாற்றும் இரும்புக் கம்பியால் அவன் தலையில் அடித்துவிட, அவன் சுருண்டு விழுகிறான். செத்துவிட்டான் என்றே மூவரும் நம்புகிறார்கள். காரிலிருந்து அலறிக்கொண்டு வரும் இளம்பெண் மீது மூவரும் பாய்கிறார்கள். இன்னொரு காரின் வெளிச்சம் தெரிந்ததும் சிதறி ஓடுகிறார்கள். ஒளிவதற்காக ஏரிக்குள் இறங்கும் கதைசொல்லியின் கையில் ஒரு பிணம் தட்டுப்படுகிறது. விடியும் நேரத்தில் அவனுடைய அம்மாவின் கார் நொறுங்கிக் கிடக்கிறது. அப்போது இரண்டு பெண்கள் வந்து, அல் என்பவனைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள்.

படியெடுத்து முடித்ததும் இரண்டு நிறப் பென்சில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றிரவு அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய செய்திகளுக்கு நீலம். பல ஆண்டுகள் கழித்து இதைச் சொல்கிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடியவற்றுக்குச் சிவப்பு. முதல் பக்கங்கள் ஏறக்குறைய முழுவதும் சிவப்பாகிவிட்டன. தாங்கள் எவ்வளவு கெட்டவர்கள் என்று அவன் வரிசையாக அடுக்குகிறான்: கிழிந்த தோல் சட்டை, வாயில் பல்குச்சி, மது, போதை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதைக் கவிழ்த்துவிடும் ஒரு தகவலும் நிற்கிறது. அவர்கள் ஓட்டுவது பெற்றோரின் வண்டிகள். காதில் தங்க நட்சத்திரம் அணிந்த டிக்பிக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டுகிறவர் அவனுடைய அப்பா. இருக்கைக்கு அடியில் இரும்புக் கம்பி கிடப்பதற்கும், கெட்டவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தக் கம்பியைப் பற்றிய வாக்கியத்தை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாகப் பிடிபட்டது. இந்தப் பையனிடம் இருக்கும் வெகுளித்தனம், தான் கெட்டவன் என்று அவன் நம்புவதுதான். கெட்ட குணத்தை விரும்பும்போது மாட்டிக்கொண்டு வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்று அவன் நினைக்கிறான். கம்பி ஒரு மண்டையில் பட்டு ஒலிக்கும்வரை அந்த நினைப்பு கலையவில்லை.

சாவி விழும் இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். காரிலிருந்து துள்ளி இறங்கும் அவசரத்தில் சாவி அவன் கையிலிருந்து இருட்டில் புல்லுக்குள் விழுந்துவிடுகிறது. இந்தச் சிறிய பிழையை, வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகளின் தளபதி ஜெனரல் வெஸ்ட்மோர்லாந்து, கே சான் தளத்தில் வேரூன்றி நின்றே போரிடுவது என்று எடுத்த முடிவோடு அவன் ஒப்பிடுகிறான். அந்த வரியின் ஓரத்தில் நோட்டில் சிவப்பால் அழுத்திக் கோடு போட்டிருக்கிறேன். கே சான் முற்றுகை நடந்தது 1968இல். 1948 டிசம்பரில் பிறந்த பாய்லுக்கு அந்த முற்றுகையின்போது கதைசொல்லியின் வயதான 19தான். அதே வயதுப் பையன்கள் கடல் கடந்து செத்துக்கொண்டிருந்த காலத்தின் பெயரை, அம்மாவின் காரில் ஊர் சுற்றும் பையனின் கதைக்குள் கொண்டுவந்து வைப்பதில் ஆசிரியர் எவ்வளவோ சொல்லிவிடுகிறார். சாவி இல்லாததால் ஓடவும் முடியாது, காரை எடுக்கவும் முடியாது. அதன் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் கதையின் நடைமுறைக் காரணம் அந்தச் சாவிதான்.

அடுத்ததாக, முழு நிகழ்ச்சியையும் படர்க்கையில், நிகழ்காலத்தில், எந்தக் கருத்தும் சேர்க்காமல் என் சொந்த வார்த்தைகளில் எழுதிப் பார்த்தேன். வந்தது காவல் நிலைய அறிக்கையைப் போன்ற ஒன்று. சம்பவங்கள் அத்தனையும் இருந்தன. இழப்பு மட்டும் இல்லை. அன்றைய பையனுக்கும் இன்று சொல்கிறவனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் அந்த இழப்பு இருக்கிறது என்பதை இந்தப் பயிற்சி எனக்கு உறுதிப்படுத்தியது.

ஆனால் அந்த இடைவெளியை எல்லா இடத்திலும் நேர்மையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை. பெண்ணின் மீது மூவரும் பாயும் பத்தியில், சொல்கிறவன் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படம் ஒன்றில் ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொல்லும் சகோதரர்களை உவமையாகக் காட்டுகிறான். என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம், நடக்கவில்லை என்று சொல்லி உடனே கடந்துவிடுகிறான். நான் அதை ஒரு மறைப்பாகவே படிக்கிறேன். வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான கணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், படித்தவன் ஒருவன் தன் படிப்பின் பின்னால் போய் நின்றுகொள்கிறான். இதைச் சோதிப்பதற்காக, அதே நிமிடங்களை அந்தப் பெண்ணின் தன்மைக் குரலில் ஒரு பக்கம் எழுதினேன். என் பொழுதுபோக்கில் இதுவரை எழுதியவற்றிலேயே கடினமான பக்கம் அதுதான். அவளுக்கு இந்த மூவரின் கல்லூரியும் அப்பாக்களும் தெரியாது. அவர்கள் நடிக்கிறார்களா உண்மையிலேயே கெட்டவர்களா என்ற கேள்வியே அவளுக்கு எழாது. சட்டையைப் பற்றி இழுக்கும் கைகள் மட்டுமே தெரியும். மூலக்கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. விடிந்த பிறகு கதைசொல்லியின் நெஞ்சை அடைக்கும் துயரத்திலும் அவளுக்கு இடம் இல்லை. இது பாய்ல் வேண்டுமென்றே விட்ட வெற்றிடம் என்றுதான் நினைக்கிறேன். இழந்ததைப் பற்றிப் பேசும் பையனுக்கு, தன்னால் இன்னொருத்தி இழந்தது இன்னமும் முழுதாகத் தெரியவில்லை என்பதும் கதையின் ஒரு பகுதியாக நிற்கிறது.

ஏரிக்குள் பிணம் தட்டுப்படும் இடத்தை இதற்குப் பிறகு மீண்டும் படித்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. அழுகிய உடலைத் தொட்டுவிட்டு அவன் பதறிக்கொண்டிருக்கும்போது, தான் கொன்றதாக நினைத்த முரடனின் குரல் கரையிலிருந்து கேட்கிறது. முதலில் பெருமகிழ்ச்சி, மறுகணமே குலை நடுக்கம். கொலைகாரன் ஆகவில்லை என்ற ஆறுதலும், இனித் தன்னைக் கொன்றுவிடுவான் என்ற அச்சமும் சில வரிகளுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. இந்த இடத்தில் நீலமா சிவப்பா என்று பிரிக்க முடியாமல் இரண்டு நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டியிருக்கிறேன்.

முடிவுப் பகுதியில் மற்றொரு பயிற்சியும் செய்தேன். கதைசொல்லி தான் கற்றுக்கொண்டதை வாய்விட்டுச் சொல்வதுபோல ஒரு பத்தி எழுதி, மூலத்தின் முடிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். என் பத்தி கதையைக் கொன்றுவிட்டது. மூலத்திலோ, அல்லைத் தேடி வந்த பெண், அடிபட்டு அழுக்காகி நிற்கும் இந்த மூவரையும் பார்த்து, கெட்ட பையன்கள் போலத் தெரிகிறீர்களே என்கிறாள். கதையின் தொடக்கத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே அவர்கள் வாழ்ந்தார்கள். இப்போது அதற்குப் பதில் சொல்லக் கதைசொல்லிக்கு வாய் வரவில்லை. அவள் மாத்திரைகளை நீட்டி விருந்துக்கு அழைக்கும்போது அவனுக்கு அழுகை முட்டுகிறது. இன்னொரு முறை பார்க்கலாம் என்று டிக்பிதான் சொல்கிறான். அல் என்பவன் தண்ணீரில் மிதப்பது கதைசொல்லிக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. அந்த மௌனம் பயத்தினால் வந்ததா, அவள் மேல் கொண்ட இரக்கத்தினால் வந்ததா, தன்னைக் காத்துக்கொள்ளும் பழைய பழக்கமா என்று நோட்டில் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறேன். இப்போதைக்கு மூன்றும் இருப்பதாகவே எழுதி வைத்திருக்கிறேன். பயத்தின் பங்கு மற்ற இரண்டையும்விடப் பெரியது என்பது என் கணிப்பு.

அடுத்த கட்டமாக, இதே இரவை ஜெஃப் சொன்னால் எப்படி இருக்கும் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். அடித்தவன் அவன் இல்லை, சாவியைத் தொலைத்தவனும் அவன் இல்லை. ஆனால் பெண்ணின் மீது பாய்ந்தவர்களில் அவனும் ஒருவன். இம்முறை அந்தப் பத்தியில் எந்தப் படத்தையும் உவமைக்கு அழைக்காமல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.