சேதுக்கரையில் ஆடி அமாவாசை

ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது என்பதால், எங்கள் வீட்டில் திருப்புல்லாணி தாண்டி சேதுக்கரைக்குத்தான் போவோம். ராமபிரான் அணை கட்டத் தொடங்கிய இடம் என்பது நம்பிக்கை. கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் கோயில். இங்கும் கூட்டம்தான்; ஆனாலும் நிதானமாக உட்கார்ந்து தர்ப்பணம் கொடுக்கலாம்.

2025-ல் அது ஜூலை 24, வியாழக்கிழமை. கரைக்குப் போனதும் பெரியப்பா தயங்கினார். "சாமி, ஏழரை வரைக்கும் எமகண்டமாச்சே. கொஞ்சம் பொறுத்து உக்காரலாமா?"

"பித்ரு காரியத்துக்கு ராகு காலம், எமகண்டமெல்லாம் பாக்க வேண்டாம் பெரியவரே. திதி இருக்கு, அது போதும். உக்காருங்க" என்றார் தர்ப்பணம் செய்துவைக்கும் வாத்தியார்.

விடியும் முன்பே அமாவாசை பிறந்துவிட்டதால் அன்று குழப்பமே இல்லை. எல்லா மாதமும் அப்படி அமையாது. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால், ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்துக்குள்ளேயே முடியும், சில சமயம் 26 மணி நேரத்தையும் தாண்டும். நடுப்பகலிலும் தொடங்கும், நள்ளிரவிலும் தொடங்கும். காலண்டரில் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், திதி எத்தனை மணி வரை என்பதையும் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

விரலில் தர்ப்பைப் புல் மோதிரமான பவித்திரம் ஏறியது. வாத்தியார் சங்கல்பம் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம்: விச்வாவசு வருஷம், தக்ஷிணாயனம், க்ரீஷ்ம ருது, கடக மாசம், கிருஷ்ண பக்ஷம், அமாவாசை, குருவாரம், புனர்வசு நட்சத்திரம். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் மெய் சிலிர்க்கும். கடிதத்துக்கு விலாசம் எழுதுவதுபோல, அறுபது வருஷச் சுழற்சியில் தொடங்கி அன்றைய நட்சத்திரம் வரை இறங்கி வந்து, இன்ன நேரத்தில் இன்னாருடைய மகன் நிற்கிறேன் என்று முன்னோருக்குச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரையே தொடுகிறோம். ஆடி முதல் தேதி சூரியன் கடகத்தில் நுழைந்து தக்ஷிணாயனம் பிறக்கிறது. அதில் வரும் முதல் அமாவாசை இது. உத்தராயணத்துக்குத் தை அமாவாசை. இரண்டுக்கும் இந்தக் கரை நிரம்பி வழிவது அதனால்தான்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள்ளும் தண்ணீரும் இறங்கின. அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர். ஈர எள் நாலைந்து உள்ளங்கை ரேகையிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னொரு கை தண்ணீர் விட்ட பிறகுதான் போனது.

கடலில் முழுகி எழுந்து, திருப்புல்லாணியில் ஆதி ஜெகந்நாதரையும் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் ராமரையும் சேவித்தோம். பிறகு தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் நவக்கிரகங்களாக ராமரே பூஜித்தார் என்று தல வரலாறு. சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் நின்று இழுக்கும் நாள் அல்லவா, அமாவாசையில் கடல் ஏற்றம் கூடுதலாகவே இருக்கும். பெரியப்பா நவதானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல் சூரியன், எந்தக் கல் சந்திரன் என்று அங்கிருந்தவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போட்டார்.