800 கிராமும் ஆறு கிலோவும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வொர்க்‌ஷாப்பில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்தேன். "பேசாம அந்தக் காரையே கட்டியிருக்கலாம்" என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது, அதனால் போன் சைலண்டில்.

ஜனவரியில் கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஃபார்முலா பாரத், காலேஜ் பசங்கள் தாங்களே கட்டின ரேஸ் காரோடு மோதுகிற போட்டி. சூட், ஹெல்மெட், கையுறை மாட்டி, பெல்ட்டெல்லாம் இறுக்கி, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து உட்கார்ந்திருக்கிற டிரைவர் 5 விநாடியில் வெளியே வந்து இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும். தீப்பிடித்தால் தப்பிக்க. அக்டோபரில் நம்ம பவானிக்காரன் 4.2 விநாடி. நேற்று 11.

தீபாவளிக்கு ஊருக்குப் போன பயல், பத்து நாள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில் அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யைக் குளம் கட்டித் தின்று ஆறு கிலோ ஏறி வந்திருக்கிறான். இங்கே மற்ற பசங்கள் சக்கரத்தைத் தாங்குகிற நாலு அப்ரைட்டையும் குடைந்து 800 கிராம் குறைக்க மூன்று வாரம் கணபதி ஏரியாவில் பட்டறை பட்டறையாக அலைந்தார்கள். அந்தப் பில்லுக்கு அக்கவுண்ட்ஸில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். கொடுத்தால், மூன்றும் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்கிறார்கள். (இருக்கிறதுதான். அது வேறு கதை.)

காக்பிட் மேல் தப்பே இல்லை. அளவு பார்க்கிற பெர்சி பொம்மை, நூறு ஆண்களில் 95 பேரைவிடப் பெரிய உடம்பு அதற்கு, ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. ஆனால் பெர்சி எழுந்து வர வேண்டியதில்லையே.

"இடுப்பைத் திருப்பிக்கிட்டு எழுந்திரிடா, இப்படி" என்று நானே காக்பிட்டுக்குள் இறங்கிக் காட்டினேன். இறங்கியது வரை சுலபம். அப்புறம் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, ஒருத்தன் "மூச்சை விடுங்க சார், மூச்சை விடுங்க" என்று பிரசவம் பார்க்க, எவனோ ஒரு புண்ணியவான் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தவே இல்லை. 1 நிமிடம் 48 விநாடி. காலையில் குரூப்பில் அதுதான் டிபி.

டயட்டில் இருக்கச் சொன்னதைப் பயல் வீட்டில் போட்டுக் கொடுத்திருப்பான் போல, மத்தியானம் அம்மிச்சியே லைனில் வந்துவிட்டார். "ஏனுங் சார், வளர்ற பையன், வண்டிய இன்னுங் கொஞ்சம் அகலமா பண்ணக் கூடாதுங்களா?"

ரூல்புக், வீல்பேஸ் என்று என்னவோ உளறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் அதிரசம் போட்டுவிடுகிறேன், எத்தனை பேர் என்றார்.

"இருபத்திரண்டு பேருங்க."

"உங்களையும் சேத்துங்களா?"

சேர்க்காமல்தான் சொல்லியிருந்தேன். இருபத்திமூன்று என்றேன்.