மாருதிக்கு அகல டயர்: மாரிக்கு முன்னும் பின்னும்

ஒக்டோபர் 14

என் மாருதி காரின் முன் டயர்கள் இரண்டும் முடிந்துவிட்டன. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள் குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டது. மாரி தொடங்கப்போகிறது. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்கு அப்பாலுள்ள பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் போய்வருகிறவள் நான். மழைக்காலத்தில் சாம்பல்தீவுப் பக்கம் வீதியோரத்தில் தண்ணீர் நிற்கும், வீதியின் நடுவில் மாடு படுத்திருக்கும். பிரேக் பிடித்தால் கார் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முன்னுக்கு மட்டும் அகலமான டயர் போடச் சொல்லித் தம்பி ஒரு மாதமாக வற்புறுத்துகிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாருதி 800இல் எஞ்சின், இழுவை, ஸ்டியரிங் எல்லாமே முன்பக்கம். பிரேக் பிடிக்கும்போதும் பாரம் முன்னுக்குத்தான் வருகிறது.

ஒக்டோபர் 15

கணக்கோடு உட்கார்ந்தேன். இப்போது இருப்பது 145/70 R12. அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், ரிம்மின் விட்டம் 12 அங்குலம். சில்லின் முழு விட்டம் ஏறக்குறைய 508 மில்லிமீற்றர். 155/70 போட்டால் விட்டம் 522 ஆகிவிடும். வேகமானி 60 காட்டும்போது கார் 62க்குக் கிட்டப் போய்க்கொண்டிருக்கும். 155/65 என்றால் 506. பழைய அளவோடு ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம்தான். அதுதான் சரியான அளவு.

தம்பி கேட்டது 165. என் ரிம்மின் அகலம் 4 அங்குலம். 155ஐ அது மட்டுமட்டாகத் தாங்கும். 165க்குக் குறைந்தது நாலரை அங்குலம் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை இறுக்கினால் பக்கச் சுவர் பிதுங்கி, வளைவில் டயர் ரிம்மின் மேல் அசைந்துகொடுக்கும். ஆகவே 165 என்ற பேச்சை இன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஒக்டோபர் 21

தம்பியின் நண்பனும் ஒரு மாருதி வைத்திருக்கிறான். முன்னுக்கு மட்டும் அகல டயர், பின்னுக்குப் பழைய 145. மாலை மழையில் உப்புவெளிப் பக்கம் போய்வர என்னையும் ஏற்றிக்கொண்டான். நேர்வீதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வளைவுக்குள் நாய் ஒன்று குறுக்கே வர, அவன் அக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தான். முன்பக்கம் வீதியைப் பிடித்துக்கொண்டது; பின்பக்கம் வெளியே நகர்ந்தது. ஒரு சாண்தான், ஆனாலும் நகர்ந்தது. அவன் சிரித்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணம் விளங்காததல்ல. முன்சில்லு வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பவும் கைக்கு வந்துவிடும். பின்சில்லு வழுக்கினால் காரே சுழலும். அதைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? டாடா நானோவில் தொழிற்சாலையிலேயே முன்னுக்கு 135, பின்னுக்கு 155 போட்டார்கள். அதில் எஞ்சின் பின்னால் இருந்தது. எப்படியானாலும் அகலத்தைப் பின்னுக்குக் கொடுத்தார்களே தவிர, முன்னுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 28

கையில் இருந்த காசுக்கு 155/65இல் இரண்டு டயர்தான் வாங்க முடிந்தது. கடைக்காரர் கேளாமலே முன்பக்கம் ஜக் வைத்தார். "அண்ணன், புதியது இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். பின்னால் இருப்பதை முன்னுக்கு மாற்றுங்கள்" என்றேன். "ரீச்சர், தேய்வது முன் டயர்தானே?" என்று கேட்டார். தேய்வது முன் டயர்தான். காரைச் சுழலவிடாமல் காப்பது பின் டயர். விளக்கிச் சொன்னதும் தலையாட்டினார். பழைய பின் டயர்களில் இன்னும் பாதிக்கு மேல் பள்ளம் இருந்தது.

நவம்பர் 9

மூன்று நாளாக விடாத மழை. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அகல டயர் வெள்ளத்தில் உதவி அல்ல. சுமையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் தரையில் படியும் பரப்பு பெரிதாக அதிகரிப்பதில்லை. அகலம் கூடி நீளம் குறைகிறது. முன்னால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது, அதனால் டயர் தண்ணீருக்கு மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. ஆழமான பள்ளமுள்ள புதிய டயரும் குறைந்த வேகமும்தான் மாரியில் காப்பு. தேங்கிய தண்ணீரைக் கண்டால் 40க்கு மேல் நான் போவதில்லை. பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

நவம்பர் 25

சம்பளம் வந்தது, அடுத்த சோடியும் வந்தது. இப்போது முன்னுக்கும் 155/65. இறுக்கியதும் ஸ்டியரிங்கை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தோம். மட்கார்டின் உட்பக்கம் சோக்கட்டி தடவி, முன் இருக்கையில் பாரமான இருவரை ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டிவந்து மறுபடியும் குனிந்து பார்த்தோம். சோக் அழியவில்லை. உட்புறம் சொக் அப்சோபருக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருந்தது. அதன்பிறகு சில்லுகளை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட்.

பவர் ஸ்டியரிங் இல்லாத கார். மத்திய வீதியில் நிறுத்தும்போது கை வலிக்கிறது. ஓடத் தொடங்கினால் பாரம் தெரியவில்லை. பிரேக்கின் வித்தியாசம் இன்று மாலையே தெரிந்தது. கோட்டைப் பக்கம் ஒரு புள்ளிமான் வீதியில் இறங்கியது. கார் நேராக நின்றது. பின்பக்கம் அசையவே இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது.

நவம்பர் 26

மேலதிகச் சில்லு இன்னும் 145/70தான். விட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் அவசரத்துக்கு ஓடும். ஆனாலும் முன் டயர் காற்றுப் போனால் பின்சில்லு ஒன்றைக் கழற்றி முன்னுக்கு மாற்றி, மேலதிகச் சில்லைப் பின்னுக்குப் போட்டு, மெதுவாக வீடு சேர வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இழுக்கும் சில்லுகள் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அவன் இப்போது தன் நண்பனின் காருக்குப் பின் டயர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.